கடைசி உயிரெழுத்து

பிரெவேசா, 14 அக்டோபர் 2019

அன்புள்ள கும்பாரே,

கடிதத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. முதலில் விஷயத்தைப் படி, பிறகு கிழி.

நம் நாஃப்திலோஸ் கால்பந்து கிளப்புக்கு வருகிற பிப்ரவரியில் எழுபது வயது. ஊர்த் திருநாளான புனித கராலம்போஸ் நாளில், பத்தாம் தேதி, ஒரு மலர் வெளியிடுகிறோம். பெரிய அளவு, கெட்டி அட்டை, ஆடிய ஒவ்வொருவனுக்கும் ஒரு பக்கம். தொகுப்பாசிரியர் யார் என்று நினைக்கிறாய்? இருமலுக்கும் மூலத்துக்கும் மருந்து கொடுத்துக் கொண்டிருந்த உன் மெனெலாவோஸ்தான். மருந்துக்கடையை மருமகனிடம் விட்டாயிற்று. வேறு வேலை இல்லை.

உன்னுடைய பக்கத்தை எழுதிவிட்டேன். கீழே தருகிறேன். சரியா என்று பார்த்துச் சொல். ஒரு நல்ல படமும் அனுப்பு. என்னிடம் இருக்கும் படத்தில் நீ கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாய்.

“ஸ்தமாத்திஸ் கரவாஸ். 1965-ல் பிரெவேசாவில் பிறந்தார். 1986 முதல் 1993 வரை நமது முன்கள வீரர். 143 ஆட்டங்கள், 61 கோல்கள். வேகமும் கூர்மையும் கொண்டவர். 1993 ஜூன் 13 அன்று யானினாவில் நடந்த தகுதி ஆட்டத்தின் 88-வது நிமிடத்தில் ஒரு நல்ல வாய்ப்பு துரதிர்ஷ்டவசமாக நழுவியது. பிறகு வேறு அணிகளுக்கும் ஆடினார்.”

சுருக்கமாக, கௌரவமாக இருக்கிறது, இல்லையா? உன் தொலைபேசி எண் கிடைத்தால் பேசவும் ஆசை. ஒலிம்பியாவுக்கு என் அன்பு.

உன் கும்பாரோஸ்,
மெனெலாவோஸ்


தெசலோனிகி, 2 நவம்பர் 2019

மெனெலாவோஸ்,

கும்பாரே, கல்யாணத் தோழனே என்றெல்லாம் எழுதாதே. 1990-ல் என் கல்யாணத்தில் என் தலையிலும் ஒலிம்பியா தலையிலும் மலர்முடிகளை மாற்றி வைத்தவன் நீ என்பது எனக்கு மறக்கவில்லை. மறக்காததால்தான் சொல்கிறேன்.

தொலைபேசி எண் தரமாட்டேன். எழுது. எழுதினது கையில் இருக்கும். கத்தினது காற்றோடு போய்விடும் என்பது நம் இருவரில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முதலில் பிழைகள். கோல்கள் 61 அல்ல, 64. கோப்பை ஆட்டங்களில் போட்ட மூன்றை விட்டுவிட்டாய். “வேறு அணிகள்” என்பது ஒரே ஓர் அணி, கலமாரியாவில், மூன்று பருவம். பிறகு முழங்கால். முப்பத்தோரு வயதில் ஓய்வு. அதன்பின் இருபத்து மூன்று வருடமாக நில அளவையாளன். நீங்களெல்லாம் சீட்டாடிக்கொண்டே போன வெளியூர்ப் பேருந்துகளில் நான் படித்துக்கொண்டு வந்த படிப்பு சோறு போட்டது. எனக்கு முன் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகள் தொட்டிலிலேயே செத்ததால், சாவு இத்தோடு நிற்கட்டும் என்று என் தாய் எனக்கு வைத்த பெயர் இது. அதையும் வேண்டுமானால் போட்டுக்கொள். வாசகர்களுக்குப் பிடிக்கும்.

இப்போது அந்த “துரதிர்ஷ்டவசமாக”.

ஆட்டம் பூஜ்யம்-பூஜ்யம். ஜெயித்தால் மேல் பிரிவு. நான் தனியாக ஓடுகிறேன். எதிரணியான மெசோலோங்கிக்காரர்களின் தடுப்பு வீரர்கள் இருவரும் எனக்குப் பின்னால். கோல்கீப்பர் வெளியே வந்துவிட்டான். அவனுக்கும் எனக்கும் நடுவே பதினோரு மீட்டர். இடதுபக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அப்போது நான் நின்றேன். ஓடுகிறவன் பிரேக் போட்டதுபோல நின்றேன். பந்து தானாக உருண்டுபோய்க் கோல்கீப்பரின் கையில் விழுந்தது. அவன் நீளமாக உதைத்தான். நாற்பது நொடியில் நம் வலையில் கோல்.

ஊர் என்ன சொன்னது என்று உனக்குத் தெரியும். விற்றுவிட்டான் என்றது. 1998-ல் என் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்து கசப்புக் காப்பி குடிக்க உட்கார்ந்தபோது, பனை மரமளவு வளர்ந்த அந்த ஐஸ் வியாபாரி பராஸ்கோஸ் எல்லோர் முன்னாலும் கேட்டான்: “அண்ணே, இப்பவாவது சொல்லிடுங்க. எவ்வளவுக்கு நின்னீங்க?” நீ எதிரே உட்கார்ந்திருந்தாய். காப்பிக் கோப்பையின் அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாய். அன்றைக்குப் பிறகு நான் அந்த ஊரில் கால் வைக்கவில்லை.

நான் ஏன் நின்றேன் என்று உனக்குத் தெரியும். எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது. அது உன் குரல். என்ன கத்தினாய் என்று எழுது. அதை அப்படியே என் பக்கத்தில் அச்சிடு. இல்லையென்றால் என் பக்கமே வேண்டாம்.

ஸ்தமாத்திஸ் கரவாஸ்


பிரெவேசா, 20 நவம்பர் 2019

அன்புள்ள ஸ்தமாத்திஸ்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ரத்த அழுத்த மாத்திரை போட்டேன். கடை மருமகனுடையதாக இருந்ததால் பிழைத்தேன்.

சரி, சொல்கிறேன். ஆமாம், கத்தினேன். இத்தனை வருடம் சொல்லாதது என் தப்பு. ஆனால் அதைச் சொன்னால் நீ சிரிக்கப் போகிறாய்.

நான் உன் பெயரைக் கூப்பிட்டேன். அவ்வளவுதான். வலதுபக்கம் நான் ஆளில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தேன். “ஸ்தமாத்தி!” என்று கூப்பிட்டேன். உன் காதில் “ஸ்தமாத்தா!” என்று விழுந்திருக்கிறது. நில் என்று! ஒரே ஓர் உயிரெழுத்து, கும்பாரே. எட்டாயிரம் பேர் கத்தும் மைதானத்தில் கடைசி எழுத்து யாருக்குக் கேட்கும்? உன் அம்மா சாவை நிறுத்த வைத்த பெயர் உன்னையே நிறுத்திவிட்டது. நீயும் குற்றவாளி இல்லை, நானும் இல்லை. குற்றவாளி உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார், அவரும் செத்துப்போனார்.

இதைக் காப்பிக்கடையில் பராஸ்கோஸிடமே சொல்லிப் பார்த்தேன். அவன் வாயைப் பிளந்தான். “அட, அப்படியா! பாவம்யா அந்த மனுஷன். இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!” என்றான். பார், ஒரு நிமிடத்தில் ஊர் மாறிவிட்டது. மலரில் தனிக் கட்டம் கட்டிப் போடுகிறேன். தலைப்புகூட யோசித்துவிட்டேன்: “பெயர் செய்த வினை.”

என்ன சொல்கிறாய்? முடிந்தது இல்லையா?

மெனெலாவோஸ்


தெசலோனிகி, 1 டிசம்பர் 2019

மெனெலாவோஸ்,

மூன்று நாள் உன்னை நம்பினேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கடிதத்தை ஒலிம்பியாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “அட கடவுளே, இவ்வளவுதானா? ஒரு எழுத்துக்காகவா இருபத்தாறு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டிருந்தீங்க?” என்று சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்தாற்போல. நானும் சிரித்தேன். அன்று இரண்டு கிண்ணம் சிபுரோ சாராயம் குடித்தேன். நான் குடிப்பதில்லை.

நான்காம் நாள் ஒரு வயலில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஞாபகம் வந்தது.

1986 ஆகஸ்ட். நான் சேர்ந்து இரண்டாவது நாள் பயிற்சி. இரண்டு அணியாகப் பிரிந்து ஆடுகிறோம். கோல் பக்கத்தில் எவனோ ஒருவன் என் பெயரைச் சொல்லி, “ஸ்தமாத்தி, இங்கே போடு!” என்று கத்தினான். எதிர்ப்பக்கத்துத் தடுப்பு வீரர்கள் நாலு பேரும் கோச்தான் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று அப்படியே நின்றார்கள். ஒருவன் குனிந்து காலுறையைக்கூட இழுத்துவிட ஆரம்பித்தான். நான் நடந்துபோய்க் கோல் போட்டேன். கோச் ப்ரோத்ரோமோஸ் தொப்பியைத் தரையில் அடித்தார்.

“டேய்! இவன் பேரை இனிமே எவனாவது மைதானத்துக்குள்ள சொன்னீங்க, பத்து ரவுண்டு ஓட விடுவேன்! எலும்பும் தோலுமா இருக்கான், கருவாடுன்னு கூப்பிடுங்கடா!”

அன்றிலிருந்து ஏழு வருடம் நான் கருவாடு. ஆட்டத்தில் கருவாடு, பயிற்சியில் கருவாடு, வேலியில் தொங்கும் பிள்ளைகளுக்கும் கருவாடு. உடைமாற்றும் அறையின் கதவில் ப்ரோத்ரோமோஸ் அட்டையில் எழுதி ஒட்டினார்: “அவன் பெயர் இங்கே சட்டையோடு கழற்றப்படும்.” யாரும் மீறவில்லை. ஒருவனும் ஒருமுறைகூட.

ஏன் மீறவில்லை தெரியுமா? அந்த முதல் தடவை கத்தியவனை அவர் அன்றே பத்து ரவுண்டு ஓட விட்டதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வெயிலில் எட்டாவது ரவுண்டில் அவன் கடல்பக்கக் கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

அது நீ.

ஆகவே 1993-ல் நீ என் பெயரைக் கூப்பிடவில்லை. உன் வாயில் வந்திருக்கக் கூடியது “கருவாடு” மட்டும்தான். அதற்கும் நான் கேட்டதற்கும் ஓர் எழுத்துகூடப் பொருந்தாது. என் காதில் பிழை இல்லை.

நீ கத்தியது “நில்” என்றுதான். ஏன்?

ஸ்தமாத்திஸ் கரவாஸ்


பிரெவேசா, 9 டிசம்பர் 2019

ஸ்தமாத்திஸ்,

நீ அளக்கிறவன். எல்லாவற்றையும் அளக்கிறாய். மனிதனுக்கு அவசரத்தில் வாயில் எது வரும் என்று எந்தக் கருவியால் அளப்பாய்?

ஏழு வருடம் உன் வலதுபக்கம் ஓடினேன். நான் பந்தைக் கொண்டுவந்து கொடுப்பேன், நீ அடிப்பாய். மறுநாள் பத்திரிகையில் உன் முகம். என் முதுகு. நீ எனக்கு எத்தனை பந்து திருப்பிக் கொடுத்தாய்? கணக்கு வைத்திருக்கிறவனாயிற்றே, சொல். அறுபத்து நாலு கோல் என்று திருத்துகிறாயே, அதில் எத்தனைக்கு என் கால் வலித்தது என்று எங்காவது எழுதியிருக்கிறாயா?

எனக்கு இந்த ஊரில் வாழ வேண்டியிருக்கிறது. என் மகள் எவ்யானா கிளப்பின் செயலாளர். என் பேரன் ஆறு வயது அணியில் ஆடுகிறான். நீ தெசலோனிகியில் யாருக்கும் தெரியாத மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு நீதி பேசுகிறாய்.

மலர் ஜனவரி இருபதில் அச்சுக்குப் போகிறது. “பெயர் செய்த வினை” கட்டம் வேண்டுமென்றால் எழுது. அது உன் பெயரைக் காப்பாற்றும். அது போதும். அதற்கு மேல் கேட்காதே. வேண்டாம் என்றால் உன் பக்கத்தை எடுத்துவிடுகிறேன்.

மெனெலாவோஸ்


தெசலோனிகி, 28 டிசம்பர் 2019

மெனெலாவோஸ்,

கேட்காத ஒன்றுக்குப் பதில் எழுதியிருக்கிறாய். கேட்டதற்கு எழுதவில்லை.

பந்து திருப்பிக் கொடுக்கவில்லை என்பது உண்மை. நான் சுயநலக்காரனாகத்தான் ஆடினேன். முன்களத்தில் நிற்பவன் அப்படித்தான் ஆடுவான். அதை வேண்டுமானால் என் பக்கத்தில் போடு. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இனி உனக்குத் தெரியாத ஒன்று.

தோற்ற மூன்றாம் நாள் நிர்வாகக் குழு என்னைக் கூப்பிட்டது. ஐந்து பேர், ஒரு மேசை. தலைவர் கேட்டார்: “ஏம்பா நின்ன? யார் உன்கிட்ட வந்து பேசினாங்க?” கூட்டத்திலிருந்து யாரோ விசில் அடித்ததாக நினைத்தேன் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு என் கதை முடிந்தது.

விசில் எதுவும் இல்லை. உன் பெயரைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. உன் மனைவி வயிற்றில் எவ்யானா ஏழு மாதம். உன் மாமனார் கடையில் உன்னை அப்போதுதான் சேர்த்திருந்தார். என் தலையில் மலர்முடி வைத்தவன் நீ. நாளைக்கே நீயாக வந்து சொல்வாய் என்று நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன். அம்மாவின் சாவு வரைக்கும் நினைத்தேன்.

இந்த ஊரில் வாழ வேண்டியிருக்கிறது என்று எழுதினாயே. நீ வாழ்ந்த அந்த வாழ்க்கை என் வாயை மூடி நான் கொடுத்தது.

உன் கட்டம் எனக்கு வேண்டாம். ஊர் என்னைப் பார்த்து “பாவம்” என்று சொல்வதற்காக நான் இருபத்தாறு வருடம் காத்திருக்கவில்லை. விற்றவன் என்பதைவிட அது கொஞ்சம் மேல், அவ்வளவே. உண்மை வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். இருபதாம் தேதி வரை உனக்கு நேரம் இருக்கிறது. இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

ஸ்தமாத்திஸ் கரவாஸ்


பிரெவேசா, 17 ஜனவரி 2020

ஸ்தமாத்திஸ்,

குழுவிடம் நீ என்னைக் காப்பாற்றினாய் என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நீ விசில் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டபோது, உனக்கே குரல் யாருடையது என்று தெரியவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

எழுதுகிறேன். நாலு தாளைக் கசக்கிவிட்டேன். இது ஐந்தாவது.

அன்று பார்வையாளர் மேடையில் ஏதென்ஸிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். பெரிய கிளப். உனக்காக வந்திருந்தார். உன்னிடம் ஆட்டம் முடிந்து சொல்ல வேண்டும் என்று தலைவர் உத்தரவு. எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். நீ போய்விடுவாய். நான் மாமனாரின் கடையில் மூலத்துக்குக் களிம்பு விற்பேன். எண்பத்தேழு நிமிடமும் அதையே நினைத்துக்கொண்டு ஓடினேன்.

பிறகு அந்தப் பந்து. நான் உனக்கு வலதுபக்கம், பத்து மீட்டர் பின்னால். எனக்கு அந்தப் பந்து வேண்டும். ஒரே ஒரு தடவை. “எனக்கு” என்று கத்தியிருந்தால் நீ திரும்பியிருக்கமாட்டாய். “விடு” என்றிருந்தால் சிரித்திருப்பாய். உன்னை நிறுத்தக்கூடிய ஒரே சொல் எனக்குத் தெரியும். அதற்காக ஒருகாலத்தில் பத்து ரவுண்டு ஓடியவன் நான்.

“ஸ்தமாத்தா!” என்று கத்தினேன். தொண்டை கிழிய. ஆவோடுதான் கத்தினேன். ‘இ’ இல்லை.

நீ நின்றாய். நான் உன்னைத் தாண்டி ஓடினேன். இரண்டு அடி, ஸ்தமாத்திஸ். இரண்டே அடியில் கோல்கீப்பர் அதன்மேல் விழுந்தான்.

கோல் போட்டிருந்தால் அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன், நீயும் என் முதுகில் ஒரு அறை வைத்து மன்னித்திருப்பாய். போடாததால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் தள்ளினேன். பிறகு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கஷ்டமாயிற்று.

அச்சுத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பக்கம். கோல்களை 64 என்று திருத்தியிருக்கிறேன். கடைசி வரிகள் இவை:

“1993 ஜூன் 13, 88-வது நிமிடத்தில், கோல்கீப்பருக்கு எதிரே தனியாக இருந்த கரவாஸைப் பார்த்து, அவரது அணியைச் சேர்ந்த மெனெலாவோஸ் த்சூமாஸ், பந்தைத் தான் எடுத்துக்கொள்வதற்காக, ‘நில்’ என்று கத்தினார். கரவாஸ் நின்றார். இதைப் பின்னர் யாரிடமும் சொல்லவில்லை, த்சூமாஸும் சொல்லவில்லை. இந்த வரிகளை எழுதியவர் த்சூமாஸ்.”

தலைவர் படித்துவிட்டு, “எதுக்குய்யா செத்த பாம்பை எடுத்து மேசை மேல வைக்கிறே? பண்டிகை நேரத்துல!” என்றார். எவ்யானா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் கிளப் முத்திரையை எடுத்துத் தாளின் மேல் குத்திவிட்டு, “அச்சுக்கு அனுப்பறேன்ப்பா,” என்றாள். அப்பா என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று காப்பிக்கடைக்குப் போனேன். விஷயம் எனக்கு முன்னால் போய்விட்டது. பராஸ்கோஸ் தன் நாற்காலியை மெதுவாக வேறு மேசைக்குத் திருப்பிக்கொண்டான். நீ அனுபவித்ததில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் அளக்கிறவன்.

மெனெலாவோஸ்


தெசலோனிகி, 24 ஜனவரி 2020

மெனெலாவோஸ்,

கடைசிக் கடிதம் என்று எழுதியிருந்தேன். அது பிழை. திருத்திக்கொள்கிறேன்.

அச்சுத்தாளைப் படித்தேன். பத்திரமாக வைத்துவிட்டேன், எங்கே என்று சொல்லமாட்டேன். கடிதத்தில் ஒரு திருத்தம். நீ பத்து மீட்டர் பின்னால் இல்லை. ஆறு. எனக்கு உன் மூச்சே கேட்டது. அதனால்தான் நம்பினேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. ஏதென்ஸ்காரர் விஷயம் எனக்கு இப்போதுதான் தெரியும். அதை நான் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை.

பிப்ரவரி மூன்று என் பெயர்நாள், என் பெயர் கொண்ட புனிதரின் நாள். யானினாவுக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கேட்டவர்களிடம் “நான் கொண்டாடுவதில்லை” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவேன். என் பெயரைச் சொல்லி வாழ்த்துவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இந்த வருடம் ஒலிம்பியா இனிப்புக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். நான் தடுக்கவில்லை.

பெயர்நாளுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. நானும் அழைக்கவில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவன் வருவான்.

நீ வந்தால், கீழே மணியை அடிக்காதே. தெருவில் நில். எதிர்ப்பக்க நடைபாதையில், ஆறு மீட்டர் தள்ளி. அங்கிருந்து கூப்பிடு. கருவாடு என்று இல்லை. என் பெயர் சொல்லி, தொண்டை கிழிய.

நான் பால்கனியில் இருப்பேன். என் காதில் என்ன விழுகிறது என்று பார்க்கிறேன்.

ஸ்தமாத்திஸ்